மங்களத்துக்கு முந்திய பாட்டு

அன்று காலை என் தங்கை சொர்ணம் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சட்டையை உதறி நீட்டினாள்.

"ஊருக்கே மனு எழுதிக் குடுக்குற ஆளு, ஒரு பொத்தான் வைக்கத் தெரியலை. ஆபீசரு வந்து ஒன் பொத்தானையா எண்ணப் போறாரு?"

"எண்ணுனாலும் எண்ணுவாரு. ஜீப்புல வர்ற ஆளு."

கிணற்றடியில் அவள் கணவர் வெள்ளைச்சாமி வெந்நீரில் கருப்பட்டி கரைத்துக் கொப்புளித்துக்கொண்டிருந்தார். அன்று பாட வேண்டியவர் என்பதால் விடிந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. எதற்கும் கையால் சைகை காட்டினார்.

"கருப்பட்டி பூராம் ஒங்க தொண்டைக்கே போயிருச்சு. சாயங்காலம் காப்பிக்கு நான் எங்கிட்டுப் போறது?" என்று அவரைக் கேட்டாள். அவர் கையை விரித்தார். சொர்ணம் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "பாருண்ணே, கல்யாணம் ஆகி நாலு வருசத்துல இன்னைக்கு ஒரு நாளுதான் எதிர்ப்பேச்சு இல்லாம நான் பேசுறேன்."

பிறகு கூடையையும் களைக்கொட்டையும் எடுத்துக்கொண்டாள். கல்லுமேட்டுக் கொல்லையில் கடலை பிடுங்க வேண்டியிருந்தது. முந்தாநாள் பெய்த மழையின் ஈரம் காய்ந்துவிட்டால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும்.

"யாரு யாரு போறீங்க?" என்று கேட்டேன்.

"நானும் கீழத்தெருக் காத்தாயியும்."

"ரெண்டே பேரா?"

"நீதான் ஊரையே பாட்டுக்குப் புடிச்சு ஒக்கார வச்சிருக்கியே. வேற யாரு வருவா?"

குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் படலைச் சாத்திக்கொண்டு போனாள். 1957, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.

சமஸ்தானம் 1948இல் மதராஸோடு சேர்ந்தபோது நான் புதுக்கோட்டையில் ஒரு சர்க்கார் கச்சேரியில் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். தற்காலிக ஆட்கள் சிலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களில் நானும் ஒருவன். பொன்னமராவதியிலிருந்து தெற்கே வண்டிப்பாதையில் நாலு மைல் உள்ளே இருக்கும் எங்கள் கருங்குளப்பட்டிக்குத் திரும்பி வந்தேன். அப்பா அம்மா இல்லை. நான் வளர்த்த தங்கை மட்டும் இருந்தாள். எழுதத் தெரிந்த ஒருவன் ஊரில் சும்மா இருப்பது யாருக்கும் பிடிக்கவில்லை. மறு வருஷம் சனிக்கிழமை பஜனைச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி என்னைச் செக்ரட்டரி ஆக்கினார்கள்.

எனக்குப் பாட வராது. பாடியவர் வெள்ளைச்சாமி. உழுதுவிட்டு வந்து, காலைக் கழுவிக்கொண்டு, சங்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து அவர் ஒரு நாமாவளியை எடுத்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் கண்மாய்க் கரை வழியாகக் கேட்டுக்கொண்டே வந்துவிடுவார்கள். அவருக்குத் தங்கையைக் கொடுத்ததும் அந்தக் குரலுக்காகத்தான் என்று சொர்ணம் என்னைக் குத்திக் காட்டுவாள்.

பாட்டு என்று உட்கார்ந்தது வேறு பலவற்றுக்கும் வழி செய்தது. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஏழு வருஷம் பேசாமல் இருந்த இரண்டு வீட்டுக்காரர்களில் ஒருவரை முன்பாட்டுக்கும் மற்றவரைப் பின்பாட்டுக்கும் உட்கார வைத்தோம். ஒருவர் விட்ட அடியை மற்றவர் எடுத்தே ஆக வேண்டும். இரண்டு மாதத்தில் தண்ணீருக்கும் முறை வந்துவிட்டது. பாட்டு முடிந்த பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசியதில், கடலையைக் கொல்லையிலேயே தரகருக்கு விடாமல் பத்து வண்டியாகச் சேர்த்துப் பொன்னமராவதிக்கு ஓட்டிப்போனோம். ஒருவர் கொல்லையில் இன்று, இன்னொருவர் கொல்லையில் நாளை என்று சங்கத்து வீடுகள் சேர்ந்து கடலை பிடுங்கின. சனிக்கிழமைக் கூட்டத்தை நம்பிப் பொன்னுத்தாய் ஆப்பக்கடை போட்டாள். கல்யாண வீடுகளுக்குக் கொடுக்க இரண்டு பெட்ரோமாக்ஸ் லைட்டும் நாலு ஜமுக்காளமும் வாங்கினோம்.

கீழத்தெருக்காரர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்பார்கள். கொட்டகைக்குள் வருகிற வழக்கம் இல்லை. சங்கத்து விதிகளில் அதை நான் எழுதவில்லை. எழுதத் தேவையிருக்கவில்லை.

நான் எழுதிய விதி வேறு. ஆரம்பத்தில் பாட்டு நடுவில் ஒருவரை மாடு கன்று போடுகிறது என்று கூப்பிடுவார்கள். இன்னொருவரை மடை திறந்துவிட்டார்கள் என்று கூப்பிடுவார்கள். பாதிப் பேர் எழுந்து போய், பாட்டு அறுந்துவிடும். அதனால் மங்களம் பாடி முடிகிறவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, வாசலுக்கு வருகிற எந்தச் சேதியும் மங்களத்துக்குப் பிறகுதான் உள்ளே போக வேண்டும் என்று முத்து முத்தாக எழுதி உத்திரத்தில் மாட்டினேன். வாசலில் நின்று சேதியை வாங்கி வைப்பது செக்ரட்டரி வேலை. ஒரு முறை மிருதங்கம் வாசித்தவரின் பெரியப்பா இறந்த சேதி வந்தது. வாங்கி வைத்துக்கொண்டு, மங்களம் ஆன பிறகு சொன்னேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றுவட்டாரத்தில் எங்கள் சங்கத்தின் ஒழுங்கைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது.

அந்தப் புரட்டாசியில் பிளாக் ஆபீசர் வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் வண்டிப்பாதையை ரோடு ஆக்கக் கேட்டு நான் எழுதிய நாலாவது மனு அவர் மேசையில் இருந்தது. பாட்டுப் பிரியர் என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை பஜனைக்கே அழைத்திருந்தோம். ஒரு வீடு விடாமல் ஆண்களும் பெண்களும் வர வேண்டும் என்று தெருத்தெருவாகப் போய்ச் சொன்னவன் நான். கூட்டத்தைப் பார்த்தால்தான் இத்தனை பேர் இருக்கிற ஊர் என்று தெரியும் என்பது என் எண்ணம். சொர்ணத்தின் முறைக்கு வர வேண்டிய எட்டுப் பேரும் அன்று கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்பதரை மணிக்கு ஆபீசர் வந்தார். ஜீப்பை மரநிழலில் விட்டுவிட்டு டிரைவர் உள்ளேயே துண்டை விரித்துத் தூங்கிவிட்டார். ஆபீசர் நாற்காலி வேண்டாம் என்று ஜமுக்காளத்திலேயே உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார். வெள்ளைச்சாமி அன்றைக்குப் பாடியதுபோல் அதற்கு முன் பாடியதில்லை.

பதினொரு மணி ஆகப் பத்து நிமிஷம் இருக்கும். கொட்டகையின் பின் வாசலில் நிழல் தெரிந்தது. காத்தாயி. மூச்சு வாங்க நின்றாள். நான் எழுந்து போனேன். மோர்ப்பானையைப் பார்க்கப் போகிறேன் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

"ஐயா, ஆத்தாவை ஏதோ கடிச்சிருச்சுங்க. கால்ல." சொர்ணத்தைத்தான் அவள் ஆத்தா என்பாள்.

"தேளா?"

"தெரியலைங்களே. கல்லுக்குள்ள போயிருச்சு. ஆத்தா தேளுன்னுதான் சொல்லுது. ஆனா ரெத்தம் கசியுதுங்க. அவுகளைக் கூட்டியாரச் சொல்லுச்சு."

கடலை பிடுங்கும் நாளில் தேள் கொட்டாத வருஷம் கிடையாது. அப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். தேள் கொட்டினால் ரத்தம் கசியாது என்பதும் எனக்குத் தெரியும்.

"சுண்ணாம்பு வச்சுக் கட்டு. ஒரு பாட்டுத்தான் பாக்கி. மங்களம் ஆனதும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நானே வாரேன்."

"யாராச்சும் ஒரு ஆம்பளை வந்தாத் தேவலைங்கய்யா."

"அதான் வாரேன்னு சொல்றேன்ல. போ, அவகூட இரு."

அவள் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். பத்தடி தூரத்தில் வெள்ளைச்சாமி உட்கார்ந்திருந்தார். வாசற்படிக்கு இந்தப் பக்கம் அவள் கால் வைத்ததில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்த வழியே ஓடினாள்.

நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். பாட்டு முடிந்தது. மங்களம் தொடங்க வெள்ளைச்சாமி ஜால்ராவைக் கையில் எடுத்தார். அப்போது ஆபீசர் என் பக்கம் சாய்ந்தார்.

"செக்ரட்டரி சார், இன்னும் ஒண்ணு பாடச் சொல்லலாமா? இந்த மாதிரி கேட்டு ரொம்ப நாளாச்சு."

வெள்ளைச்சாமி என்னைப் பார்த்தார். பாடலாமா என்று புருவத்தால் கேட்டார்.

என்னிடம் அப்போது சொல்ல வார்த்தை இருந்தது. நேரமாகிவிட்டது, மங்களம் பாடிவிடலாம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். விதிகூட மீறப்பட்டிருக்காது. ஆனால் அந்த மனிதர் முகத்தில் ரோடு தெரிந்தது எனக்கு. தலையாட்டினேன்.

அது நீளமான நாமாவளி. அடி அடியாக வேகம் ஏறி, கூட்டம் முழுவதும் கைதட்டிப் பாடி, மறுபடி இறங்கி வரும். அரைமணிக்கு மேல் ஆனது. நானும் கை தட்டினேன்.

மங்களத்தின் கடைசி அடி ஓய்ந்தபோதுதான் காத்தாயி இரண்டாம் தடவை வந்தாள். இந்த முறை முன் வாசலுக்கே வந்து, படிக்கு வெளியே நின்று கத்தினாள். எல்லோரும் பார்த்தது இந்த வருகையைத்தான்.

"ஆத்தா மயங்கி மயங்கி விழுகுதுங்க! கால் தூணு மாதிரி வீங்கிப்போச்சு!"

வெள்ளைச்சாமி ஜால்ராவைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "என்னாச்சு? எப்ப?"

"கடிச்சு நேரமாச்சுங்க..."

"நேரமாச்சா? இம்புட்டு நேரம் என்னடி செஞ்ச? ஆடி அசைஞ்சு இப்பத்தான் வர்றியா?"

காத்தாயி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

பிறகு நடந்ததில் யாரும் ஒரு நொடி தாமதிக்கவில்லை. ஆபீசர் தானே போய் டிரைவரை எழுப்பினார். கட்டிலில் வைத்து நாலு பேர் சொர்ணத்தைத் தூக்கி வந்தார்கள். ஜீப்பில் அவள் தலை என் மடியில் இருந்தது. ஈறிலிருந்து ரத்தம் வந்தது. என்னைப் பார்த்து, "பாட்டு நல்லா அமைஞ்சுச்சாண்ணே?" என்று கேட்டாள். அமைந்தது என்று சொன்னேன். வண்டிப்பாதையில் ஜீப் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியது. ஒவ்வொரு பள்ளமும் என் மனுவில் இருந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்ததுமே விரியன் என்றார். "எத்தனை மணிக்குக் கடிச்சது?" என்று கேட்டார். பக்கத்தில் வெள்ளைச்சாமி நின்றார்.

"பதினொண்ணே கால் இருக்கும்" என்றேன்.

டாக்டர் மறுபடி காலைப் பார்த்தார். "வீக்கத்தைப் பார்த்தா அதுக்கும் முந்தி இருக்கணுமே" என்றார். நான் விலகிய சேலையை இழுத்து அவள் காலை மூடினேன். மறுநாள் காலை சொர்ணம் இறந்தாள். சரியான நேரத்தைச் சொல்லியிருந்தால் அவர் வேறு ஏதாவது செய்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த தையில் ரோடு சாங்ஷன் ஆனது. மனுவுக்கு மேல் ஆபீசர் தன் கையாலேயே குறிப்பு எழுதியதாகச் சொன்னார்கள்.

காத்தாயி சோம்பேறி என்று ஊரில் பேச்சு நிலைத்தது. ஒரு உயிர் போகும்போது வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டவள் என்றுகூடச் சொன்னார்கள். யாரும் அவளைக் கொல்லை வேலைக்குக் கூப்பிடவில்லை. 1959இல் ரோடு வேலை தொடங்கியபோது கல் உடைக்க வந்தாள். ஆள் பெயர் கூப்பிட்டுக் குறிக்கும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் காத்தாயி என்று நான் கூப்பிட வேண்டும். இருக்கேங்கய்யா என்று அவள் சொல்ல வேண்டும். பதினொரு மாதம் அப்படி நடந்தது.

ஒரு மத்தியானம் அவள் தனியாகக் கல் குவியலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"காத்தாயி, நீ ஏன் யாருகிட்டயும் சொல்லலை?"

அவள் தூக்குவாளியைக் கீழே வைக்கவில்லை. "எப்ப வந்தேன்னு யாரும் என்னையக் கேக்கலைங்களே. கேட்டவுக ஒருத்தருதான். அவுக கேட்டப்ப நீங்க பக்கத்துல நின்னீங்க." ஒரு மிடறு குடித்தாள். "நான் சொல்லி, நீங்க இல்லைன்னா, யாரு பேச்சு எடுபடும்? சொல்லுங்க பாப்பம்."

நான் நிழலுக்கு நகர்ந்தேன்.

1960இல் பஸ் வந்தது. பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் அதில் புதுக்கோட்டை போய் உயிரோடு திரும்பினார்கள். கடலை மூட்டை லாரியில் ஏறியது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது வாத்தியார் வந்தார். சங்கத்தால் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். என்னைப் பார்த்துச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சாப்பாடு இறங்காது. சாப்பாடு வெள்ளைச்சாமி வீட்டில்தான். அவரே சமைத்து எனக்கும் போடுவார். வருஷத் திதி கழிந்ததும் மறுபடி பாட வந்திருந்தார். சொர்ணத்துக்குப் பாட்டுப் பிடிக்கும் என்றார்.

1963 வைகாசியில் ஒரு காலை காத்தாயி சங்கத்து வாசலுக்கு வந்தாள். மகனுக்குக் கல்யாணம். லைட் இரண்டும் வேண்டும். அதற்குள் கீழத்தெருவுக்கும் லைட் கொடுக்கும் பழக்கம் வந்திருந்தது. லைட்டுகள் வெள்ளைச்சாமி பொறுப்பில் இருந்தன. அவர் ஒரு லைட்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்.

"இல்லைன்னு சொல்லு மச்சான்."

"சும்மாதானே இருக்கு மாப்பிள்ளை."

"இருக்கட்டும். துருப்பிடிச்சாலும் பிடிக்கட்டும். யாருக்கு வேணாலும் குடுப்பேன், இவளுக்குக் குடுக்க மாட்டேன். இவ நடந்து வந்த நேரத்துல எம் பொண்டாட்டி போயிட்டா."

காத்தாயிக்குத் தலை நரைத்திருந்தது. இந்த முறை அவள் என்னைப் பார்க்கவில்லை. "சரிங்க, அரிக்கேன் லைட்டை வச்சு நடத்திக்கிறோம்" என்று திரும்பினாள்.

"நில்லு காத்தாயி" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "மாப்பிள்ளை, அன்னைக்கு இவ மொதல்லயே வந்தா. பதினொரு மணிக்கு முன்னாடி. பின் வாசல்ல வந்து எங்கிட்டச் சொன்னா. நான்தான் மங்களம் ஆகட்டும்னு திருப்பி அனுப்புனேன். அதுக்கப்புறந்தான் அந்தக் கடைசிப் பாட்டு. ஆஸ்பத்திரியிலயும் நேரத்தை மாத்திச் சொன்னேன்."

வெள்ளைச்சாமி கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். "ஆபீசரு இன்னொண்ணு கேட்டாரு. நீ தலையாட்டுன. எனக்கு அம்புட்டுச் சந்தோசமா இருந்துச்சு. அங்கிட்டு அவ கெடக்கா, இங்கிட்டு நான் சந்தோசமாப் பாடிக்கிட்டிருக்கேன்." மூக்கைத் துண்டால் துடைத்தார். "அந்தச் சந்தோசத்தைக் கொண்டுபோயி எங்க வைக்கிறதுன்னு தெரியலை. திட்டறதுக்கு இவ கெடைச்சா. ஆறு வருசம் திட்டியாச்சு."

காத்தாயி படிக்கு வெளியே நின்றபடி, "விடுங்கய்யா" என்றாள். அதை எங்களில் யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

வெள்ளைச்சாமி எழுந்து ஒரு லைட்டைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். "இதுல மேண்டில் வலை ஓட்டை. புதுசு கட்டித் தாரேன். ரெண்டையும் நானே கொண்டாந்து ஏத்தி வச்சிட்டு வாரேன்" என்று அவளிடம் சொன்னார். சொன்னபடி போனார். கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். அந்த வருஷக் கடலைக்கு அவளைத் தாமே போய்க் கூப்பிட்டார்.

என்னை அவர் அதற்குப் பிறகு மச்சான் என்று கூப்பிடவில்லை. செக்ரட்டரி என்கிறார். சாப்பாட்டை நானே பொங்கிக்கொள்கிறேன். சங்கக் கூட்டத்தில் அந்த விதியை எடுத்துவிடலாம் என்று எழுந்து பேசினேன். காரணத்தையும் சொன்னேன். பிறகு ஒருவர், நடந்தது விதி, அந்த ஒழுங்கால்தான் நமக்கு ரோடே வந்தது, செக்ரட்டரி மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம் என்றார். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். என்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். வெள்ளைச்சாமி மட்டும் எழுந்து வெளியே போனார்.

இப்போது 1966. விதி அப்படியே இருக்கிறது. வாசலுக்கு வருகிற சேதியை மட்டும் நான் வாங்கி வைப்பதில்லை. நடுப்பாட்டில் எழுந்து போய்ச் சொல்லிவிடுகிறேன். கிழவனுக்கு ஒழுங்கு தெரியவில்லை என்று இளவட்டங்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கு நாற்பத்திரண்டு வயதுதான் ஆகிறது.

சில நாள் பின் வாசல் வழியாக இறங்கி, கண்மாய்க் கரையில் திரும்பி, வரப்பில் நடந்து பார்க்கிறேன். ஊருக்குள் வந்த ரோடு அந்தப் பக்கம் போகவில்லை. கல்லுமேட்டுக் கொல்லைக்கு, மெதுவாக நடந்தாலும், கால் மணி நேரம்தான் ஆகிறது.